கோடு போடுகிறவன் கையில் ஓட்டு
(கொல்லிமலை செம்மேட்டில் மலைவாசி மக்கள், விவசாயத் தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கீழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் மில் தோழர்களுக்கும், சோளக்காட்டுச் சந்தையை முடித்துவிட்டு மூட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கும் மலைத் தோழர்களுக்கும் என் வணக்கம்.

இன்று கூலியைப் பற்றியோ, பட்டாவைப் பற்றியோ நான் பேச வரவில்லை. கோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த ஓடை வரைக்கும் வாழவந்தி நாடு, எந்தப் பாறைக்கு அப்பால் வளப்பூர் நாடு என்று இங்கே உள்ள பெரியவர்களுக்கு மனப்பாடம். கல் நகர்ந்தால் காடு கைமாறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சட்டசபைத் தொகுதிக்கும் பாராளுமன்றத் தொகுதிக்கும் ஒரு கோடு இருக்கிறதே, அந்தக் கோடு நகர்ந்தால் என்ன கைமாறும் என்று நாம் யோசித்ததுண்டா?

ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஓடினால் திருட்டு என்று எல்லோருக்கும் தெரிகிறது. பெட்டி வைப்பதற்கு முன்பே, யார் எந்தப் பெட்டியில் ஓட்டுப் போடுவது என்று மேஜை மேல் வரைபடத்தை விரித்து முடிவு செய்துவிட்டால் அதற்கு என்ன பெயர்?

25 வீட்டுக் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே புரிந்த கணக்கு இது.

ஒரு கிராமத்தில் 25 வீடு. அதில் 15 கூலிக்காரன் வீடு, 10 மிராசுதார் பக்கத்து வீடு. பஞ்சாயத்துக்கு 5 வார்டு, வார்டுக்கு 5 வீடு. நியாயப்படி எப்படி வர வேண்டும்? 3 வார்டு கூலிக்காரனுக்கு, 2 வார்டு மிராசுக்கு.

இப்போது கோடு போடுகிற பென்சிலை மிராசுதார் கையில் கொடுங்கள். முதல் வார்டில் 5 கூலி வீடு. இரண்டாவது வார்டிலும் 5 கூலி வீடு. அந்த இரண்டிலும் நாம் அமோகமாக ஜெயிப்போம். மாலை போட்டு ஊர்வலம் போவோம். மிச்சம் 5 கூலி வீட்டை மற்ற மூன்று வார்டில் 2, 2, 1 என்று தூவி விடுவான். அந்த மூன்றிலும் அவன் வீடுகள் 3, 3, 4. தீர்ந்தது கதை! 10 வீட்டுக்காரனுக்கு 3 வார்டு, 15 வீட்டுக்காரனுக்கு 2 வார்டு. ஒரு கள்ள ஓட்டும் விழவில்லை. ஒரு பெட்டியும் உடையவில்லை. தலைவர் நாற்காலி மட்டும் மிராசு வீட்டுக்குப் போய்விட்டது.

ஒரே இடத்தில் அடைத்து வைப்பது ஒரு வித்தை. பல இடத்தில் சிதற அடிப்பது இன்னொரு வித்தை. தொகுதி மோசடியின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

மில் தொழிலாளி எழுப்பிய கோரிக்கை

இந்த வித்தை பழையது. 1812-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கவர்னராக எல்பிரிட்ஜ் கெர்ரி என்பவர் இருந்தார். தம் கட்சிக்கு ஆதாயமாக வரைந்த தொகுதிகளுக்கு அவர் கையெழுத்துப் போட்டார். அதில் ஒன்று சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியைப் போல வளைந்து நெளிந்து கிடந்தது. கெர்ரியின் பெயரையும் பல்லியின் பெயரையும் ஒட்டி, “கெர்ரிமாண்டர்” என்று பத்திரிகைக்காரர்கள் பட்டம் கட்டினார்கள். இருநூறு வருஷம் கழித்தும் அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ஓல்ட் சாரம் என்று ஓர் இடம். ஊரே அழிந்து மேடாகக் கிடந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டு. ஆனால் பாராளுமன்றத்தில் அதற்கு 2 அங்கத்தினர்! பல்லாயிரம் பஞ்சாலைத் தொழிலாளிகள் நூல் நூற்ற மான்செஸ்டர் நகரத்துக்கோ தனியாக ஓர் அங்கத்தினர்கூடக் கிடையாது. 1819 ஆகஸ்டு 16-ல் அந்த ஊர் மைதானத்தில் நியாயம் கேட்டுக் கூடிய கூட்டத்தின் மேல் குதிரைப் படையை ஏவினார்கள். 1832-ல்தான் ஓல்ட் சாரம் ஒழிந்தது. மான்செஸ்டருக்கு ஸ்தானம் கிடைத்தது. 1838-ல் சாசன இயக்கத் தொழிலாளிகள் 6 கோரிக்கைகளை வைத்தார்கள். அதில் ஒன்று, தொகுதிகள் சமமாக இருக்க வேண்டும் என்பது. மில் தோழர்களே! சமத் தொகுதி என்பது வக்கீல்கள் கண்டுபிடித்த விஷயம் அல்ல. உங்கள் தொழிலைச் செய்தவர்கள் ரத்தம் சிந்திக் கேட்டது.

அமெரிக்காவில் வியாதி இன்னும் தீரவில்லை. கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி வரைந்தால் அது பெடரல் கோர்ட்டுகள் தீர்க்கக் கூடிய விவகாரம் அல்ல என்று 2019 ஜூனில் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 நீதிபதிகள் மறுபக்கம். 2025-ல் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆளுங்கட்சி, ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும் காலம் வருவதற்கு முன்பே, 5 ஸ்தானம் கூடுதலாகப் பிடிக்கத் தொகுதியை மாற்றி வரைந்தது. கலிபோர்னியாவில் எதிர்த்தரப்பு, ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு, பதிலுக்கு வரைந்தது. நீ ஒரு கோடு போட்டால் நான் ஒரு கோடு போடுகிறேன் என்று போனால், நடுவில் நசுங்குவது யார்? ஓட்டுப் போடுகிற ஏழை.

நம் நாட்டுப் பூட்டு

நம் நாட்டில் ஆளுங்கட்சி நேராகக் கோடு போட முடியாது. பாராளுமன்றம் சட்டம் செய்து, தொகுதி வரையறைக் கமிஷன் ஒன்றை அமைக்க வேண்டும். 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி நான்கு முறை அப்படி அமைந்தது. 2002-ம் வருஷச் சட்டப்படி சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருப்பவரோ, இருந்தவரோ தலைவர். ஒவ்வொரு மாநிலத்திலும் 5 பாராளுமன்ற அங்கத்தினரும் 5 சட்டசபை அங்கத்தினரும் துணைக்கு உட்காருவார்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இது அமெரிக்க முறையை விட எவ்வளவோ மேல். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பூட்டு இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 329-வது ஷரத்து, தொகுதி வரையறைச் சட்டத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. உஜ்ஜயினித் தொகுதியைப் பற்றி வந்த வழக்கில் 1966-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பூட்டை இறுக்கியது. கமிஷன் உத்தரவு கெஜட்டில் வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சமம். ஆளுக்கு ஆள் வழக்குப் போட்டால் தேர்தலே நடக்காது என்றது.

இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் கோடு கோணலாக இருந்தால் என்ன செய்வது? அண்மைக் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஜம்மு காஷ்மீர். 2011 கணக்குப்படி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சுமார் 69 லட்சம் ஜனங்கள். ஜம்முவில் சுமார் 54 லட்சம். 2022 மே 5-ல் வந்த கமிஷன் உத்தரவு 7 புதிய ஸ்தானங்களைப் பங்கிட்டது. 54 லட்சத்துக்கு 6 கூடியது. 69 லட்சத்துக்கு 1 கூடியது! மலை, தூரம், போக்குவரத்து எல்லாவற்றையும் பார்த்தோம் என்று கமிஷன் காரணம் சொன்னது. மலைவாசிகளுக்கு முதன்முதலாக 9 ஸ்தானம் ஒதுக்கியது நல்ல காரியம்தான். ஆனாலும் பங்கீட்டின் ஆதாயம் எந்தக் கட்சிக்கு என்று ஊரறியக் கேள்வி எழுந்தது. கமிஷன் அமைத்ததே செல்லாது என்று ஸ்ரீநகர்வாசிகள் இருவர் போட்ட வழக்கை 2023 பிப்ரவரி 13-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது, அஸ்ஸாம். அங்கே தனிக் கமிஷன் அமைக்கவில்லை. தேர்தல் கமிஷனே, 2001-ம் வருஷத்துப் பழைய கணக்கை வைத்து, வரைந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஜில்லா எல்லைகளைத் தொடக் கூடாது என்று அது உத்தரவு போட்டது. மாநில சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? முதல் நாள், டிசம்பர் 31-ல், 4 ஜில்லாக்களைப் பக்கத்து ஜில்லாக்களோடு சேர்த்துவிட்டது! 2023 ஆகஸ்டு 11-ல் இறுதி உத்தரவு வந்தது. அதே மாதத்தில் அந்த 4 ஜில்லாக்களையும் திரும்ப உண்டாக்க மந்திரிசபை முடிவு செய்தது. கோடு போடும் நேரத்துக்கு மட்டும் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஒளித்து வைத்துக் கொண்டது போல இல்லையா இது?

ஜனநெருக்கத்தைச் சாக்காகச் சொல்லி, ஜில்லாவுக்கு ஜில்லா வேறு வேறு சராசரி வைத்தது எப்படி நியாயம், சிறுபான்மை மக்களின் ஓட்டைச் சிதறடிக்கிறார்கள் என்று இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சித் தலைவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜூலை 24-ல் கோர்ட், சட்டப் பிரச்னையை விசாரிப்போம், ஆனால் தடை கொடுக்க மாட்டோம் என்றது. 2024 பாராளுமன்றத் தேர்தல் புதிய கோட்டின்படியே நடந்து முடிந்தது. பயிரை மாடு மேய்ந்த பிறகு வேலி வழக்கு நடந்து என்ன பயன்?

பூட்டில் ஒரு சிறு சாவி

கோர்ட்டே வீண் என்று நான் சொல்லவில்லை. 2019-ல் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஜில்லாக்களைப் பிரித்துவிட்டு, வார்டு எல்லையைச் சரியாக வரையாமல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலை நடத்தப் பார்த்தார்கள். எதிர்க்கட்சிகள் காலத்தோடு வழக்குப் போட்டன. புதிதாகப் பிரித்த 9 ஜில்லாக்களில் முதலில் எல்லையை வரை, பிறகு தேர்தல் வை என்று 2019 டிசம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அங்கே கிராமப்புறத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது.

குஜராத்தில் பர்தோலித் தொகுதியைப் பற்றிய வழக்கில், 2024 ஜூலையில், இன்னொரு வார்த்தையும் வந்தது. வரையறை உத்தரவு அப்பட்டமான எதேச்சாதிகாரமாக, அரசியல் சட்டத்தின் மாண்புக்கே முரணாக இருந்தால், கோர்ட் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. சாவி கிடைத்திருக்கிறது. ஆனால் சின்னச் சாவி. கோடு போடுவதற்கு முன் விழித்தவனுக்குத்தான் அது பயன்படும்.

மூன்று எப்படி இரண்டானது?

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

2006 தேர்தல் வரை தமிழ்நாட்டுச் சட்டசபையில் மலைவாசிகளுக்கு 3 ஸ்தானங்கள் இருந்தன. ஏற்காடு ஒன்று, நம் சேந்தமங்கலம் ஒன்று, திருச்சி ஜில்லா உப்பிலியபுரம் ஒன்று. உப்பிலியபுரம் தூரத்து ஊர் அல்ல. நம் ஆகாய கங்கையில் விழும் தண்ணீர் புளியஞ்சோலைக்கு இறங்கி அந்தப் பக்கம்தான் போகிறது. பச்சைமலை உறவினர்களுக்கு அது குரல். 2008-ல் வந்த உத்தரவில் அந்தத் தொகுதியே காணாமல் போயிற்று. 3 என்பது 2 ஆயிற்று. அந்தப் பகுதி சேர்ந்த துறையூர், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட தோழருக்கு ஸ்தானம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. ஒரு ஏழையின் இலையில் சோறு குறைந்ததற்குப் பக்கத்து இலைக்காரனிடம் சண்டைக்குப் போகக் கூடாது. பந்தி பரிமாறியவனின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். ஜனத்தொகையில் எவ்வளவு பங்கோ, ஸ்தானத்திலும் கூடியவரை அவ்வளவு பங்கு என்பது சட்டம். 2001 கணக்குப்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 6 கோடியே 24 லட்சம். மலைவாசிகள் 6 லட்சத்து 51 ஆயிரம். 234 ஸ்தானத்தில் நம் பங்கு 2.44. அருகிலுள்ள முழு எண் 2. ஆகவே 2 ஸ்தானம். அந்தப் பங்கு 2.5-ஐத் தாண்டியிருந்தால் 3 என்று கேட்க நமக்கு வாயிருந்திருக்கும். தாண்ட எத்தனை பேர் தேவை? சுமார் 15,400 பேர்! மாநிலம் முழுவதிலும் அவ்வளவுதான் குறைவு.

அந்த 15,400 பேர் எங்கே போனார்கள் என்று கேட்பதற்கு முன், ஈரோடு ஜில்லாவுக்கு வாருங்கள். பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் மலையாளி இனத்தார் இருக்கிறார்கள். உங்கள் இனமே. அவர்களுக்கு மலைவாசி என்ற சர்டிபிகேட் கிடையாது. ஏன்? மலையாளி என்பவர் இன்ன இன்ன ஜில்லாவில் இருந்தால்தான் பழங்குடி என்று பட்டியல் சொல்கிறது. சேலம் உண்டு, தர்மபுரி உண்டு, திருச்சி உண்டு; அன்றைய கோயம்புத்தூர் ஜில்லா இல்லை. ஈரோடு அதிலிருந்து பிரிந்தது. ஜில்லாக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பழங்குடி. அந்தப் பக்கம் நின்றால் வேறு! பல்லாண்டுகளாக அவர்கள் மனுக் கொடுத்தும் போராடியும் வந்திருக்கிறார்கள். 2001 கணக்கில் அவர்கள் பழங்குடியாக எண்ணப்படவில்லை. படிப்புச் சலுகை மட்டுமா போயிற்று? நம் எல்லோருடைய சட்டசபைப் பங்கிலிருந்தும் அவர்கள் தலைகள் கழிந்து போயின.

2011 கணக்கில் மலைவாசிகள் 7 லட்சத்து 94 ஆயிரம். மொத்தம் 7 கோடியே 21 லட்சம். பங்கு 2.58. மூன்றாவது ஸ்தானம் வாசற்படி வரை வந்துவிட்டது. ஆனால் 2008-ல் போட்ட கோடு நின்றுவிட்டது.

தோழர்களே, இங்கே ஒரு சுயவிமர்சனம் சொல்ல வேண்டும். கமிஷனின் வரைவு பத்திரிகையில் வந்த காலத்தில் நான் இருபதைக் கடந்த வாலிபன். கட்சிக்கு அப்போதுதான் முழுநேரமாக வந்திருந்தேன். வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபணைக்குத் தேதி குறிக்க வேண்டும், பகிரங்க விசாரணை நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பத்திரிகை எங்கள் ஆபீஸ் மேஜையில் கிடந்தது. கூலிப் போராட்டத்துக்குத் தட்டி எழுதிக் கொண்டிருந்த நான், பசை தடவ அதைத்தான் கீழே விரித்தேன். ஒரு வயதான மலைத் தோழர் தேர்தலுக்குப் பிறகு வந்து, “தம்பி, பச்சைமலைக்காரனுக்குத் தொகுதி போயிட்டுதாமே, நீங்க ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக் கொண்டிருக்கிறேன்.

39-ம் நாமும்

மாநிலத்துக்குள் இப்படி என்றால், மாநிலத்துக்கும் மத்திக்கும் நடுவில் என்ன? 1962 தேர்தலில் நமக்குப் பாராளுமன்றத்தில் 41 ஸ்தானம். 1967-ல் 39. ஜனத்தொகை மற்ற மாநிலங்களைப் போலப் பெருகவில்லை என்பதால் 2 போயிற்று. 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, இந்த நஷ்டத்துக்குத் தமிழ்நாட்டுக்கு ஏன் 5,600 கோடி ரூபாய் ஈடு தரக் கூடாது என்று கேட்டது. 2 ஸ்தானம்தானே என்று நினைக்காதீர்கள். 1999 ஏப்ரல் 17-ல் டில்லியில் ஒரு மந்திரிசபை கவிழ்ந்தது ஒரே ஓட்டில்!

1976-ல் 42-வது திருத்தம் வந்து, 1971 கணக்குப்படியே மாநிலங்களின் ஸ்தானம் நிற்கட்டும் என்றது. 2002-ல் 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு வரும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வரை அதை நீட்டியது. அந்தக் காலக்கெடு நெருங்கியதால்தான் 2025 மார்ச் 5-ல் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, இன்னும் 30 வருஷத்துக்கு 1971 கணக்கே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றது. மார்ச் 22-ல் கேரளம், தெலுங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் சென்னைக்கு வந்து கூடினார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் என்று 2023-ல் செய்த சட்டத்தையும் இதே தொகுதி வரையறையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டின் பங்கைக் காப்பது என்றால் பீகார்த் தொழிலாளிக்குப் பங்கு வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. அவனும் நம்முடைய மில்லிலேயே, நம் பக்கத்து ராட்டையில் நிற்கிறான். அவன் தலைக்கும் ஓட்டு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டைக் கேட்டு நடந்த மாநிலத்துக்குத் தண்டனை கூடாது. ஜனம் பெருகிய மாநிலத்து ஏழைக்கும் அநியாயம் கூடாது. இரண்டையும் வைத்துப் பேசி முடிவு செய்வதுதான் கூட்டாட்சி. பெரும்பான்மை இருக்கிறது என்று டில்லியில் ஒரு கட்சி பென்சிலை எடுத்தால், அது 25 வீட்டு மிராசுதார் வேலைதான்.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஆள் வரும்போது ஒரு வீடு விடாமல், ஒரு தலை விடாமல் எண்ணப்பட வேண்டும். திருப்பூருக்கும், கேரளத்துக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் எங்கேயாவது ஓரிடத்தில் எண்ணப்பட்டார்களா என்று பாருங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இனத்தின் பெயரைச் சரியாக எழுதினார்களா என்று பார்த்த பிறகே ஆளை அனுப்புங்கள்.

இரண்டு: ஈரோட்டு மலைகளின் உறவினர் சர்டிபிகேட் போராட்டம் நம் போராட்டம். அவர்கள் தலை எண்ணப்படாத வரை நம் பங்கு குறைபட்ட பங்கே.

மூன்று: தொகுதி வரைவு எந்த வருஷம், எந்தச் சட்டப்படி வந்தாலும், வந்த அன்றே ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு மில் கேட்டிலும் அதை உரக்க வாசிக்க வேண்டும். நம் ஊர் எந்தத் தொகுதியில்? மலை துண்டாகிறதா? ஒதுக்கீடு இருக்கிறதா, போகிறதா? ஆட்சேபணை மனுவைத் தேதிக்குள் எழுதி, விசாரணைக்கு நேரில் போய்ப் பேச வேண்டும். கெஜட்டில் அச்சேறிய பிறகு கோர்ட்டுக் கதவு முக்கால்வாசி மூடிவிடும். அச்சேறும் முன் ஜனங்கள் கூடினால் அந்தப் பென்சில் நடுங்கும்.

நான்கு: மலையும் சமவெளியும் பிரியக் கூடாது. மலைவாசி ஸ்தானத்தைப் பறித்தால் மில் தொழிலாளி கேட்க வேண்டும். மில் தொழிலாளி குடியிருப்பை மூன்று தொகுதிக்குச் சிதறடித்தால் மலைத் தோழன் கீழே இறங்கி வரவேண்டும்.

அந்தப் பெரியவர் இன்று உயிரோடு இல்லை. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அடுத்த வரைவு வரும் நாளில் அவர்கள் கையில் பத்திரிகை இருக்கட்டும், பசைக்கு அடியில் அல்ல, கண்ணுக்கு எதிரில்.

எண்ணும்போது விழித்திருப்போம்! கோடு போடும்போது விழித்திருப்போம்!

உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!